மருந்துப் போத்தலைத் திறக்க முதல்: வளவில் உள்ள நல்ல பூச்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன நாற்றுமேடை வைத்திருக்கிறேன். கத்தரி, கொச்சிக்காய், தக்காளி நாற்று வாங்கிப் போகிறவர்கள் இரண்டு மூன்று கிழமை கழித்து ஓர் இலையைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். "இதுக்கு என்ன மருந்து அடிக்கிற?" என்பதுதான் முதல் கேள்வி. 2021 இல் இரசாயனப் பசளையும் நாசினியும் திடீரென்று தடைப்பட்ட மாதங்களில் வருகிறவர்கள் எல்லோரும் இதையே கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது, கேள்வி மட்டும் நீங்கவில்லை.

கொப்பியில் குறித்து வைத்திருந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே தந்திருக்கிறேன். இது வீட்டுத்தோட்டக்காரருக்கு எழுதியது. வயல் பற்றிய கேள்வி ஒன்று மட்டும் இடையில் வருகிறது.

பூச்சியை வச்சுப் பூச்சியைப் பிடிக்கிறதா? விளங்கல்ல அக்கா.

பயிற்றங்கொடியின் குருத்தைக் கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள். கறுப்பாக மொய்த்துக்கொண்டு சாறு குடிப்பது அழுக்கணவன். இந்தியக் காணொளிகளில் அசுவினி என்கிறார்களே, அதுதான் இது. இன்னும் கொஞ்சம் பார்த்தால் அதைத் தின்ன வந்திருக்கும் வேறொன்றும் கண்ணில் படும். அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுக்க.

இவற்றில் இரண்டு வகை உண்டு. பொறிவண்டு, கும்பிடுபூச்சி, தும்பி, சிலந்தி எல்லாம் பிடித்துத் தின்பவை. மற்ற வகை ஒட்டுண்ணிக் குளவிகள். பல குளவிகள் எள்ளை விடச் சிறியவை. இவை கெட்ட பூச்சியின் உடம்புக்குள்ளோ அதன் முட்டைக்குள்ளோ தம் முட்டையை வைத்துவிட்டுப் போகும், குஞ்சு உள்ளே இருந்து தின்று முடித்துவிட்டு வெளியே வரும். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் கத்தரிக்கு நல்லது. (சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சியே இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைத் திருத்துவார்கள். சரி, வேலை செய்கிற ஆளை ஏன் விடுவது?)

அந்த நல்ல பூச்சியை எங்க வாங்கலாம்? ஒரு பெட்டி என்ன விலை?

பெட்டியில் வாங்கத் தேவையில்லை. அவை ஏற்கெனவே உங்கள் வேலியிலும் பக்கத்து எருக்கலையிலும் இருக்கின்றன. நாங்கள் செய்ய வேண்டியது அவற்றைக் கொல்லாமல் விடுவதும், தின்ன ஏதாவது மிச்சம் வைப்பதும்தான்.

இணையத்தில் பார்த்துவிட்டு வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கலாமா என்று கேட்ட தம்பிமாரும் உண்டு. கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உயிருள்ள பூச்சியைக் கொண்டுவந்தால் பொதி துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ நின்றுவிடும். அப்படியே வந்து சேர்ந்தாலும், திறந்த தோட்டத்தில் விடும் பொறிவண்டுகளில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் பறந்துவிடும் என்பது அதை விற்கிற நாடுகளிலேயே தெரிந்த சங்கதி.

எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?

இந்தப் பக்கத்திலேயே பெரிய கேள்வி இதுதான். நல்ல பூச்சிகளில் பாதி, குஞ்சுப் பருவத்தில் கெட்ட பூச்சி மாதிரி இருக்கும். ஆட்கள் நசுக்குவதும் அந்தப் பருவத்தில்தான். நானும் நசுக்கியிருக்கிறேன்.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும்: பளபளப்பான சின்ன அரைப்பந்து, சிவப்பு, செம்மஞ்சள் அல்லது மஞ்சள் நிறம், அதில் கறுப்புக் கோடோ புள்ளியோ இருக்கும். அதன் குஞ்சைத்தான் யாருக்கும் தெரியாது. நீண்ட உடம்பும் ஆறு காலும், கறுப்பில் செம்மஞ்சள் அடையாளங்களும் கொண்ட குட்டி முதலை மாதிரி இருக்கும். முட்டை மஞ்சளாய், இலைக்கு அடியில் நெல்லை நட்டு வைத்தது போலக் கும்பலாக நிற்கும். எங்கள் வெக்கையில் முட்டை வண்டாக மாற இரண்டு மூன்று கிழமை போதும். பெரிய வண்டை விடக் குஞ்சுக்குத்தான் பசி கூட.

அடுத்தது கண்ணாடி இறக்கைப் பூச்சி. இரவில் விளக்குக்கு வரும் மெல்லிய பச்சைப் பூச்சி. மயிர் போன்ற நூல் நுனியில் ஒவ்வொரு முட்டையாகத் தூக்கி வைக்கும். ஜன்னல் கம்பியில் இதைக் கண்டு பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று துடைத்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் பொரித்த குஞ்சு மற்ற முட்டைகளைத் தின்றுவிடாமல் இருக்க அந்த நூல் உதவுகிறது. இதில் சில வகைகளின் குஞ்சு, தான் தின்ற பூச்சிகளின் தோலையும் குப்பையையும் முதுகில் சுமந்து திரியும். இலையில் ஒரு குப்பைத் துண்டு தானாக நடந்தால் கை வைக்காதீர்கள்.

பூவுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று விலகி, திரும்பவும் நிற்கும் கோடு போட்ட ஈ ஒன்று உண்டு. பார்க்கத் தேனீ மாதிரி இருக்கும், கொட்டாது. அதன் குஞ்சு காலில்லாத சின்னப் புழு. அழுக்கணவன் கும்பலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து நூற்றுக்கணக்கில் உறிஞ்சும். புழு என்றவுடன் நசுக்குவது எங்கள் பழக்கம். அழுக்கணவன் கும்பலுக்கு நடுவில் ஒரு புழு, இலையில் கடித்த ஓட்டை எதுவும் இல்லை என்றால், அந்தப் புழு உங்கள் ஆள்.

கடைசியாக ஒட்டுண்ணிக் குளவி. ஆளைப் பார்க்கக் கிடைக்காது, வேலையைப் பார்க்கலாம். கும்பலுக்குள் சில அழுக்கணவன் மட்டும் ஊதி, தவிட்டு நிறமாகி, ஓடு போல இலையில் ஒட்டியிருக்கும். முதுகில் வட்டமாய் ஒரு துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, துளை இல்லாவிட்டால் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த இலையைப் பறிக்க வேண்டாம். பச்சைப் புழு ஒன்றின் மேல் அரிசி மணி மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். அந்தப் புழு இனிப் பிழைக்காது.

புள்ளி வண்டு நல்லது எண்டு நீங்கதான் சொன்னீங்க. என்ட கத்தரி இலை முழுக்க அதுதான் சல்லடையாக்கி வச்சிருக்கு!

அது பொறிவண்டின் சொந்தக்காரன், ஆனால் சைவம். கத்தரி, பாவல் இலைகளில் வரும் இந்த வண்டுக்கு நிறம் மங்கலான செம்மண், மேலே நுண்ணிய மயிர் இருப்பதால் பளபளப்பு இருக்காது. சிறிய கறுப்புப் புள்ளிகளும் நிறைய, எண்ணினால் 28 வரை போகும். குஞ்சு மஞ்சளாய், உடம்பு முழுக்கக் கிளைவிட்ட முள்ளோடு இருக்கும். இலையின் சதையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும்.

ஆகவே பளபளப்பைப் பாருங்கள், பிறகு இலையைப் பாருங்கள். வண்டு மங்கலாகவும் இலை சல்லடையாகவும் இருந்தால் விடிய எழும்பியதும் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். இதற்கு மருந்தே வேண்டாம்.

குளவி வீட்டுச் சுவரில மண்கூடு கட்டுது. உடைக்கவா, விடவா?

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பழமொழி சொல்வார்களே, அந்தக் கூடுதான் இது. பழையவர்கள் பார்த்தது சரி: குளவி புழுவைக் கொட்டித் தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் போனது, சில கிழமையில் உள்ளே இருந்து குளவி வந்தது. நடுவில் நடந்ததுதான் வேறு. கொட்டியதில் புழு செயலிழந்து போகும், சாகாது. குளவியின் குஞ்சு அந்தப் பழுதாகாத இறைச்சியைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. மண்கூடு கட்டுவதில் சில புழுவை எடுக்கும், சில சிலந்தியை எடுக்கும்.

தனியே கூடு கட்டும் இந்தக் குளவிகள் நாங்களாகப் போய்ப் பிடித்தால் ஒழியக் கொட்டுவது அரிது. கூடு கைபடாத உயரத்தில் இருந்தால் விடுங்கள். கூட்டமாய் வாழ்கிற குளவி கதவு நிலையிலோ பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ கூடு வைத்திருந்தால் அது வேறு விஷயம். அங்கே தோட்டத்தை விடப் பிள்ளைதான் முக்கியம், தெரிந்த ஒருவரைக் கொண்டு அகற்றுங்கள்.

மாமரத்தில முசுறு. ஏறவும் ஏலாது, எரிக்கவும் மனம் இல்ல. இதால ஏதும் பிரயோசனம் இருக்கா?

இருக்கிறது. பூச்சியை வைத்துப் பூச்சியைப் பிடித்ததாக எழுத்தில் உள்ள மிகப் பழைய சேதியே முசுறு என்ற இந்தச் சிவப்பு எறும்பு பற்றியது. தென் சீனத்தில் தோடம்பழத் தோட்டக்காரருக்கு முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்று ஏறத்தாழ 1,700 ஆண்டுக்கு முந்திய குறிப்பு இருக்கிறது. பின்னாளில் மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டும் கொடுத்தார்கள். கஜு மரத்தில் தளிரைக் கருக்கும் பூச்சிகளை முசுறு நன்றாகக் கட்டுப்படுத்துகிறது என்பது அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகளின் முடிவு. வாகரைப் பக்கம் கஜு வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

ஆனால் முசுறு ஒன்றும் சும்மா காவல் நிற்பதில்லை. மாவுப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் மாடு மாதிரி வளர்த்து அவை விடும் இனிப்பு நீரைக் குடிக்கும். உயரமான மாவிலும் கஜுவிலும் விடுங்கள். கைக்கெட்டும் தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் இருந்தால் கடி வாங்கியே அலுத்துப் போவீர்கள், அங்கே வேண்டாம்.

மற்ற எறும்பு? கொச்சிக்காய்ச் செடியில ஏறி இறங்குது.

அது மேலே அழுக்கணவனை மேய்க்கப் போகிறது. இனிப்பு நீருக்காக அழுக்கணவனைக் காவல் காத்து, வருகிற பொறிவண்டுக் குஞ்சைக் கடித்துத் துரத்தும். எறும்பை நிறுத்தினால் பல இடங்களில் வேறொன்றும் செய்யத் தேவைப்படாது. சாடிச் செடியானால் சாடியை ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மரமானால் தண்டில் ஒரு துணிப் பட்டி சுற்றி அதன் மேல் கிரீஸ் பூசலாம். கிரீஸ் பட்டையில் நேரடியாகப் படக் கூடாது. வேலியைத் தொடும் கிளையை வெட்டிவிடவும் மறக்க வேண்டாம், எறும்புக்கு அது பாலம்.

பொறுங்க பொறுங்க எண்டு சொல்றீங்க. எத்தனை நாள்? அதுக்குள்ள செடி செத்துப் போயிடாதா?

பத்து நாள், கூடினால் இரண்டு கிழமை. ஏன் இவ்வளவு என்றால், அழுக்கணவனுக்குக் குட்டி போட ஆண் துணையும் தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. பிறந்தது ஒரு கிழமை, பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டு அதன் வாசனைக்கு வந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வேலையைத் தொடங்க அதை விடக் கொஞ்ச நாள் கூட எடுக்கும். அந்த இடைவெளிதான் எங்கள் பொறுமையைச் சோதிக்கிறது.

நான் முதன்முதலில் பயிற்றை போட்ட வருடம் ஏழாம் நாளே ஒரு கடைக்காரர் தந்த போத்தலை வாங்கி அடித்தேன். மறுநாள் கொடி துப்புரவு. கீழே செத்துக் கிடந்தவற்றில் கறுப்பு முதலைக் குஞ்சுகளும் இருந்தன, அப்போது அவை என்னவென்று தெரியாது. மூன்றாம் கிழமை அழுக்கணவன் முன்னையதை விட இரண்டு மடங்காய்த் திரும்பி வந்தது. இலைச் சுருளுக்குள் ஒளிந்திருந்த நாலைந்து போதும் அதற்கு. அதைத் தின்ன வளவில் ஒருவரும் மிச்சம் இல்லை.

பொறுக்கும் நாட்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரை விரலால் அடைத்து வேகமாய் இலையின் அடிப்பக்கம் பீச்சினால் அழுக்கணவன் விழுந்துவிடும், பெரும்பாலும் திரும்பி ஏறாது. மோசமான குருத்தைக் கிள்ளி எறியலாம். ஐந்தாறு இலை மட்டுமே உள்ள நாற்றானால் பொறுமை வேண்டாம், விரலால் நசுக்குங்கள், அதற்கு இழக்க ஒன்றும் இல்லை. வளர்ந்த செடி ஒரு பங்கு இலை போனாலும் தாங்கும்.

வேப்பெண்ணெய், சவர்க்காரத் தண்ணி இயற்கைதானே. தாராளமா அடிக்கலாம்தானே?

தாராளமாக வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் எந்த மென்தோல் பூச்சியில் பட்டாலும் கொல்லும். அழுக்கணவனா பொறிவண்டுக் குஞ்சா என்று அது பார்க்காது. காய்ந்த பிறகு வீரியம் இல்லை என்பதுதான் அதன் நல்ல குணம். ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி திரவ சவர்க்காரம் போதும். பூச்சி மொய்த்த குருத்தில் மட்டும், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். முதலில் மேலே சொன்ன குஞ்சுகளும் ஓடுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

வேப்பங்கொட்டைப் பருப்பு இன்னும் நல்லது. 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து அன்றே அடித்து முடிக்க வேண்டும். இலையைத் தின்கிற, சாற்றைக் குடிக்கிற பூச்சிக்குத்தான் அது கூடத் தாக்கும்.

சாம்பல் தூவுகிற பழக்கத்தைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எள்ளளவு குளவிக்குச் சாம்பலும் தூசியும் பெரிய தடை. தார் போடாத றோட்டோரத்து வளவுகளில் செதிற்பூச்சியும் கண்ணுக்கு லேசில் தெரியாத சிற்றுண்ணியும் கூடுவதற்கு அந்தப் புழுதியும் ஒரு காரணம். அப்படிப்பட்ட இடத்தில் கிழமைக்கு இரண்டு தடவை இலையைக் கழுவிவிடுவதே ஒரு மருந்து.

என்ன பூ நட்டா இந்தப் பூச்சியள் வரும்?

விலை கூடிய பூ வேண்டாம். சின்னக் குளவிகளுக்கும் அந்தர ஈக்கும் வாய் கட்டை. ஆழமில்லாத, சிறு சிறு பூக்கள்தான் அவற்றுக்கு எட்டும். கடையில் கறிக்கு வாங்கிய கொத்தமல்லியில் ஒரு கைப்பிடியை இரண்டாய் உடைத்துத் தூவி, நாலு செடியைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். பெருஞ்சீரகம், துளசி, தும்பை எல்லாம் அப்படித்தான். பாத்தி ஓரத்தில் பத்துப் பதினைந்து சோளன் நட்டால் அதன் மகரந்தத்துக்குப் பொறிவண்டு வரும், கச்சான் காற்றுக்கும் மறைப்பு. செவ்வந்தி வைப்பதானால் பழைய ஒற்றை அடுக்கு வகையைத் தேடுங்கள். கொத்தாய்ப் பல அடுக்கு இதழோடு இருக்கும் புது வகைகளில் தேனை எடுக்கப் பூச்சிக்கு வழி இல்லை.

எங்கள் கரையோர மணலில் எருக்கலை தானாக வளரும். அதன் குருத்தில் பளிச்சென்ற மஞ்சளில் ஒரு அழுக்கணவன் மொய்க்கும். அதைப் பார்த்துப் பயந்து எருக்கலையை வெட்டுகிறார்கள். அந்த மஞ்சள் வகை எருக்கலைக் குடும்பத்தையும் அலரியையும் நாடுவது, கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் வராது. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு உங்கள் பாத்திக்கும் வரும். வேலியோரத்தில் ஒன்றிரண்டு நிற்கட்டும். கௌப்பியும் அப்படித்தான், அதில் வரும் கறுப்பு அழுக்கணவன் பெரும்பாலும் அவரைக் குடும்பத்தோடு நின்றுவிடும்.

கச்சான் காலத்திலதான் பூச்சி கூட. மாரியில இல்ல. ஏன் அக்கா?

மே தொடங்கி ஓகஸ்ட் வரை வீசும் அந்தக் காய்ந்த மேல்காற்றில் சிற்றுண்ணி, இலைச் சாற்றை உறிஞ்சும் ஒல்லியான பனிப்பூச்சி, வெண் ஈ மூன்றுக்கும் கொண்டாட்டம். வெக்கையில் அவை வேகமாய்ப் பெருகும். எதிரிப் பூச்சிகளில் பலவற்றுக்கு ஈரமும் நிழலும் தேனும் வேண்டும், கச்சானில் மூன்றும் கிடைப்பதில்லை. அந்த நேரம் பாத்திக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்குப் போட்டால் மண்ணில் ஓடித் திரியும் வண்டுக்கும் சிலந்திக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். மாரியில் மழையே அழுக்கணவனைக் கழுவிவிடுகிறது.

கொச்சிக்காய் இலை சுருண்டு போச்சு. இதுக்கு எந்தப் பூச்சியை விடுற?

முதலில் எப்படிச் சுருண்டது என்று பாருங்கள். இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி வளைந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு மாதிரி, இலை நீண்டு ஒடுங்கினால் சிற்றுண்ணி. இவற்றைத் தின்னும் சின்ன நாவாய்ப்பூச்சிகளும் கொன்றுண்ணிச் சிற்றுண்ணிகளும் உண்டு, தண்ணீர் தெளித்து ஈரமாய் வைத்தால் கொஞ்சம் கைகொடுக்கும்.

இலை சிறுத்து, மஞ்சள் பாரித்து, செடியே குட்டையாகி நின்றால் அது வைரசு. வெண் ஈ பரப்பியது. இதற்கு எந்த நல்ல பூச்சியும் உதவாது, எந்த மருந்தும் உதவாது. பிடுங்கி அகற்றுவதுதான் மற்றச் செடிக்குப் பாதுகாப்பு. வெண்டி இலை நரம்பு மஞ்சளாவதும் இதே விஷயம்.

பாவற்காய்க்குள்ள புழு, கத்தரிக்காய்க்குள்ளயும் புழு. நல்ல பூச்சி எல்லாம் எங்க போச்சு?

இந்த இரண்டு இடத்திலும் அவை தோற்றுப்போகும், ஒளிப்பதில் பிரயோசனமில்லை. பழ ஈ காயின் தோலுக்குள் முட்டையைக் குத்திவிடும். அதன் பிறகு புழு உள்ளே பத்திரம். ஆகவே பிஞ்சு விரலளவு ஆனதும் கடதாசிப் பையோ துணிப் பையோ கட்டுங்கள். விழுந்த காயை ஒரு நாளும் பாத்தியில் விடக் கூடாது. இறுகக் கட்டிய பொலித்தீன் பையில் போட்டு வெயிலில் வையுங்கள்.

கத்தரித் தண்டு, காய் துளைக்கும் புழுவுக்கு இலங்கையிலேயே ஒட்டுண்ணிக் குளவி உண்டு. மருந்தடிக்காத தோட்டத்தில் அது ஒரு பங்கு வேலை செய்யும். மிச்சத்தை நீங்கள் செய்ய வேண்டும்: நுனி வாடித் தொங்கும் தண்டைக் கிழமைக்கு ஒருமுறை, வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி அழியுங்கள். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்தால்தான் பலன் தெரியும்.

நான் அடிக்கல்ல. பக்கத்து வயல்காரர் அடிக்கிறார். பிறகு என்ன பிரயோசனம்?

இந்தக் கேள்வி படுவான்கரையில் இருந்தும் சம்மாந்துறையில் இருந்தும் வருகிறது. காற்று அடிக்கிற பக்கம் வேலியை அடர்த்தியாய் விடுங்கள். கிளிசரியாவோ ஆடாதோடையோ நின்றால் தெறிக்கிற மருந்தில் கொஞ்சம் அதில் தங்கும். அடிக்கிற நாளைக் கேட்டு வைத்தால் அன்று பாத்தியை மூடலாம்.

அந்த வயல்காரரிடமும் பேசிப் பாருங்கள், சண்டைக்குப் போக வேண்டாம். அறக்கொட்டியான் என்று எல்லோரும் பயப்படுகிற கபிலத் தத்தி (நெல்லின் சாற்றைக் குடிக்கும் சின்னப் பூச்சி), மருந்தடித்த வயலில்தான் பயிரை அதிகம் எரிப்பது ஏன் என்று கேளுங்கள். தத்தி தன் முட்டையை நெல்லின் மடலுக்குள் செருகி வைக்கும், மேலே அடிக்கிற மருந்து அங்கே போகாது. வரப்பில் ஓடும் சிலந்தியும் அந்த முட்டையை உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியும் வெளியே நிற்பதால் செத்துப்போகும். முட்டை பொரிக்கிற நேரம் வயலில் எதிரி இல்லை. விதைத்த முதல் 40 நாளுக்கு இலைப் புழுவைக் கண்டு மருந்தடிக்க வேண்டாம் என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதனால்தான். அந்த வயதில் தின்ற இலையைப் பயிர் திரும்ப விட்டுவிடும்.

டெங்குக்குப் புகை அடிக்க வாறாங்க. வேணாம் எண்டு சொல்லவா?

சொல்லாதீர்கள். புகை நல்ல பூச்சியையும் கொல்லும், உண்மைதான். ஆனால் டெங்கு வந்த வீட்டுக்குப் பக்கத்தில் அது தேவை. நாற்றுச் சாடிகளை முன்கூட்டியே உள்ளே எடுத்து வையுங்கள். புகை காய்ந்து போன பிறகு சுற்றுவட்டாரத்தில் இருந்து பூச்சிகள் சில கிழமையில் திரும்பி வரும்.

பூச்சிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று சட்டியில் தண்ணீர் தேக்கி நுளம்பை வளர்க்கவும் வேண்டாம். கூழாங்கல் போட்ட தட்டில் கல் மூழ்காத அளவுக்கு ஊற்றி, நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள். எறும்புக்காகச் சாடியின் கீழ் வைத்த தட்டுக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

இதெல்லாம் கதைதானே. இலங்கையில எங்கயாவது உண்மையா வேலை செய்திருக்கா?

பப்பாசியில் வெள்ளைப் பஞ்சாய் மாவுப்பூச்சி அப்பிய வருடம் நினைவிருக்கிறதா? 2008 இல் நாட்டுக்குள் வந்தது. எந்த மருந்தும் அந்தப் பஞ்சுக்குள் ஒழுங்காய் இறங்கவில்லை. அடுத்த வருடம் அதன் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள், மாவுப்பூச்சி அடங்கியது. இன்றைக்கு வளவில் பப்பாசி காய்த்து நிற்பதில் அந்தக் குளவிக்கும் பங்கு உண்டு.

அதற்கு முன்னும் உண்டு. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவுக்கு 1935 இல் சாவகத்தில் (ஜாவாத் தீவில்) இருந்து குளவி வந்தது. குளங்களை மூடிய சல்வீனியாப் பாசியைத் தின்ன 1986 இல் ஒரு சின்னக் கூன்வண்டு வந்தது. அது களையைத் தின்கிற பூச்சி, எங்கள் தலைப்புக்குள் முழுதாய் வராது. என்றாலும் கேட்டபடியால் சொல்கிறேன்.

அப்ப கொண்டு வந்த பூச்சி இங்க பெருகித் தொல்லை தராதா?

தரலாம். அவுஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்ன 1935 இல் ஒரு தேரையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டுக் கண்டதையெல்லாம் தின்று இன்றுவரை அந்த நாட்டுக்குத் தலையிடி. அதனால்தான் இப்போது ஒரே ஒரு பூச்சியை மட்டுமே நம்பி வாழ்கிற எதிரியைத் தேடி, அடைத்து வைத்துப் பரீட்சித்த பிறகே வெளியே விடுகிறார்கள். பெட்டி பற்றிய கேள்வியில் சொன்ன சட்டமும் இதற்காகத்தான்.

தென்னைக்கு ஏதும் இருக்கா?

தேங்காய்ப் பிஞ்சில் கபில நிறத் தழும்பு விழுத்தும் சிற்றுண்ணி 1997 இல் கற்பிட்டியில் தலைகாட்டியது. அதைத் தின்னும் இன்னொரு சிற்றுண்ணியை லுணுவிலயில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் வளர்த்துப் பைகளில் அடைத்துக் கொடுத்திருக்கிறது. வாங்க முடிந்தால் நல்லது. வெண் ஈ பிடித்து ஓலை கறுத்திருந்தால், கறுப்பு என்பது அது விட்ட இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம்தான். கீழ் ஓலைகளின் அடிப்பக்கம் வேகமாய்த் தண்ணீர் பீச்சுங்கள். மரம் உயரமானால் வெறும் தண்ணீர் எட்டாது, அப்போது விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கும்பிடுபூச்சி வண்ணத்துப்பூச்சியைப் பிடிச்சுத் தின்னுது. இது நல்லதா கெட்டதா?

இரண்டும். அதற்கு உங்கள் பட்டியல் தெரியாது. தேனீயையும் பிடிக்கும், பொறிவண்டையும் பிடிக்கும், தன் இனத்தையும் தின்னும். வளவில் ஒன்றிரண்டு இருப்பது நல்லது. அதைத் தேடிப் பிடித்து வந்து விடத் தேவையில்லை. குச்சியில் காய்ந்த நுரை மாதிரி ஒட்டியிருக்கும் அதன் முட்டைக்கூட்டைக் கண்டால் வேலி கத்தரிக்கும்போது அந்தக் குச்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.

எல்லாம் செய்து பார்த்தும் சரிவராட்டி? ஒருநாளும் மருந்தே அடிக்கக் கூடாதா?

அப்படி நான் சத்தியம் பண்ணவில்லை. நாற்றுமேடையில் நானே வேப்பங்கொட்டையை விட ஒரு படி மேலே போக வேண்டி வந்த நாட்கள் உண்டு. புழுவுக்கு மட்டும் வேலை செய்யும் பீ.ரீ. என்ற பக்றீரியாத் தூள் இருக்கிறது. அது பொறிவண்டையும் குளவியையும் தொடாது. எங்காவது கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். அதற்கும் மேலே போவதானால் ஒரு செடிக்கு மட்டும், பூ இல்லாத நேரத்தில், பின்னேரம், லேபலில் உள்ள அளவுக்கு மட்டும். காய் பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதும் அதே லேபலில் இருக்கும்.

கடைசியா ஒண்டு. இந்தப் பொறிவண்டு கூடிப் போனா அதுக்கு என்ன மருந்து?

ஏறாவூரில் இருந்து வந்த ஒரு பெரியவர் சிரிக்காமல் கேட்டது. தின்ன அழுக்கணவன் முடிந்துவிட்டால் அவை ஒன்றின் முட்டையை ஒன்று தின்னும், மிச்சம் பறந்துபோய்ப் பக்கத்து வளவில் குந்தும். அந்த வளவுக்காரர் அதற்குள் மருந்துப் போத்தலோடு என்னிடம் வந்து நிற்பார்.